கம்ப்யூட்டருக்குள் நடந்து வந்த ஆள்

“யோவ், தள்ளிப் போய்யா!” என்று மேஸ்திரி போட்ட சத்தத்தில் ஆபீஸே திரும்பிப் பார்த்தது. அவர் கத்தியது கம்ப்யூட்டர் திரையில் நடந்துகொண்டிருந்த ஒரு பொம்மை ஆளைப் பார்த்து.

எண்ணூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் நான் அப்போது கம்ப்யூட்டர் ஆபரேட்டர். கிரேனுக்குக் கீழே நின்று, மேலே கேபினில் இருக்கும் டிரைவருக்குக் கையால் சைகை காட்டுவது மேஸ்திரியின் வேலை. இருபது வருஷமாக அதே வேலை. திடீரென்று ஓர் உத்தரவு வந்தது. பயிற்சிக்கென்றே இருக்கும் வலைத்தளத்தில் படமும் சத்தமுமாக வரும் பாடத்தைச் செய்து பார்த்து, பாஸ் ஆனவர்தான் இனி கிரேனடியில் நிற்கலாம். “எனக்கேவா பாடம்? பொம்ம படம் பாத்துக்கினு குந்துற வயசா இது?” என்று கடுப்போடுதான் வந்து உட்கார்ந்தார். அவர் பிடித்த பிடியில் மவுஸ் உடைந்துவிடுமோ என்று எனக்குப் பயம்.

திரையில் கிரேன் ஒரு பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தது. அடியில் அந்த ஆள் நடந்து வந்தான். டிரைவரை நிறுத்தச் சொல்ல, ஏழெட்டுக் கைப் படங்களில் சரியானதை அழுத்த வேண்டும். மேஸ்திரி யோசிக்கவே இல்லை. ஹெல்மெட்டைத் தட்டும் கையை அழுத்தினார். எங்கள் யார்டில் ‘நிறுத்து’ என்றால் அதுதான். யார் ஆரம்பித்து வைத்தார்களோ, எங்கள் டிரைவர்களுக்கெல்லாம் அத்துப்படி. வெளியே அதற்கு ‘பெரிய கொக்கியைப் பயன்படுத்து’ என்று அர்த்தமாம். பெட்டி நிற்கவில்லை. அவர் கத்தக் கத்த அந்த ஆளின்மேலேயே இறங்கியது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். ஏசியிலும் அப்படி வியர்த்திருந்தது.

“திங்கக்கெழம புது டிரைவர் வர்றான்ல, வெளியூர்க்காரன். அவனும் இதுலதான் படிச்சிருப்பானா?”

“ஆமாண்ணா, எல்லாருக்கும் இதேதான்.”

“அப்ப என் கையாலயே ஒருத்தன கொன்னுருப்பேனேம்மா.”

அன்றே பாஸ் ஆகிவிட்டார். அதோடு வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம், யார் கேட்கப் போகிறார்கள்? சாப்பாட்டு மணி அடித்ததும் தன் ஆட்கள் அத்தனை பேரையும் கூட்டி வந்து திரை முன்னால் நிறுத்தினார். வேண்டுமென்றே அந்தத் தப்புக் கையை அழுத்திக் காட்டினார். “இத்தினி நாளா நா சொல்லிக் குட்த்தது தப்புடா. நல்லா பாத்துக்கோங்க” என்றார். அவர் எதிரில் யாரும் குரல் உயர்த்தியதில்லை, அப்படிப்பட்ட மனுஷன்! நான் அசந்தே போனேன். அதற்கப்புறம் டீக்கடையிலும் பஸ் ஸ்டாப்பிலும், பாடத்தில் காட்டிய சரியான ‘நிறுத்து’ போலவே, கையை நீட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்து, இப்படியும் அப்படியும் வீசிக்கொண்டே இருந்தார். ஆனாலும் இருபது வருஷப் பழக்கம் லேசில் போகுமா?

திங்கட்கிழமை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். புது டிரைவர் பெட்டியை இறக்க, லாரி கிளீனர் ஒருவர் போன் பேசியபடியே நேராக அடியில் நுழைந்தார். மேஸ்திரியின் கை விருட்டென்று ஹெல்மெட்டை நோக்கி ஏறியது. பாதியில் அந்தக் கை திரும்பி, வெளியே நீண்டு, கவிழ்ந்து வீசியது. பெட்டி அந்தரத்தில் நின்றது. கிளீனர் எதுவும் தெரியாமல் பேசிக்கொண்டே அந்தப் பக்கம் போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் மேஸ்திரி உள்ளே வந்து தண்ணீர் கேட்டார். குடித்து முடித்து, தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சொன்ன பேச்சு கேட்டுக்கிச்சும்மா, இந்தக் கை” என்றார்.