அண்ணன் பட்டறைத் தெருவின் மஞ்சள் நீர்

விழுப்புரத்தில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். ஒரு வாரம் தொட்டியில் சேறு அடியில் தங்காமல் கலங்கி மேலே வந்தது. அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்கள் செத்துக்கொண்டிருந்தன. தொட்டி நீரில் சோதனை மருந்து விட்டுப் பார்த்தேன். நீர் அடர்ந்த ஊதாவானது. குரோமியம். சாக்கடையில் விடலாம் என்று விதித்த அளவைத் தாண்டியிருந்தது.

நகராட்சி ஊழியர் ஒருவருடன் பாதாளச் சாக்கடை மூடிகளை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே மேலே போனேன். எந்தக் குழாயில் மஞ்சள் நீர் வருகிறதோ அந்தப் பக்கம் திரும்பினோம். இரண்டாவது மூடியிலேயே எந்தத் தெருவில் போய் நிற்போம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வண்டி உதிரிபாகங்களுக்குக் குரோம் பூசும் என் அண்ணனின் பட்டறை அங்கேதான் இருக்கிறது.

கழிவு பிடிக்கும் தொட்டி விரிசல் விட்டதால் சாக்கடையில் திறந்துவிட்டதாக அண்ணன் ஒப்புக்கொண்டார். எல்லா அழுக்கும் அதில்தானே போகிறது என்றார்.

"அழுக்கு மக்கிடும்ணா. இது மக்காது. சேத்துலயே தங்கிக்கினு கெடக்கும்."

"ஒரு வாரம் எழுதாத. சரி பண்ணிடறேன்."

ஆய்வகத்துக்குத் திரும்பி அறிக்கை எழுதினேன். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. உட்கார முடியவில்லை. தொட்டிவரை நடந்தேன், திரும்பினேன், கழுவிய சோதனைக் குழாய்களையே மறுபடி கழுவினேன்.

மறுநாள் கெடார் கிராமத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். காய்ந்த சேற்றை எங்களிடம் வாங்கி வேர்க்கடலைக்கு எருவாகப் போடுகிறவர். இப்போது வேண்டாம், அதில் விஷம் கலந்திருக்கிறது என்றேன்.

"போன மாசம் மல்லாட்டைக்கு ஒரு லோடு போட்டேனே, அதுலயும் இருக்குமாங்க?"

எனக்குத் தெரியவில்லை. அதையே சொன்னேன். அவர் இருக்கும்போதே அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன். பிறகு அவருடன் கெடாருக்குப் போய் நிலத்து மண்ணை எடுத்துச் சோதனைக்காகச் சென்னைக்கு அனுப்பினேன். மண்ணில் கெடுதல் இல்லை என்று முடிவு வந்தது. அண்ணனின் தொட்டி விரிசல் விடுவதற்கு முந்தைய லோடு அது.

அண்ணன் பட்டறையின் சாக்கடை இணைப்பை நகராட்சியில் அடைத்தார்கள். அவர் புதுத் தொட்டி கட்டி, நீரைச் சோதித்துக் காட்டிய பிறகே திறந்தார்கள். அண்ணி போனில் பேசுகிறார். அண்ணன் இன்னும் பேசவில்லை. அவர் கேட்ட அந்த ஒரு வாரத்தைக் கொடுத்திருக்கலாமோ என்று சில நாள் தோன்றுகிறது. உடனே, கூடாது என்றும் தோன்றுகிறது.