மூன்றரை மணி உதை

அந்தத் தையல் ஆலையில் நூற்றிருபது மெஷின்கள். எல்லாம் சேர்ந்து ஓடினால் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது. ஆனால் பதினேழாவது மெஷினில் ஊசி லேசாக வளைந்திருந்தால் அது அங்கே மெக்கானிக்காக இருக்கும் அவளுக்குக் கேட்டுவிடும். நூல் அறுந்து, தைப்பவள் கை தூக்கிக் கூப்பிடுவதற்குள் ஸ்க்ரூ டிரைவரோடு வந்து நிற்பாள். மெக்கானிக் என்பதை விட்டுவிட்டு எல்லோரும் 'காதம்மா' என்றே கூப்பிடத் தொடங்கி வெகுகாலம் ஆகிறது. கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்த பெயர் மேனேஜருக்கே மறந்திருக்கும்.

காதம்மாவுக்கு இப்போது எட்டாம் மாதம். வயிற்றிலிருப்பது சரியான போக்கிரி. இரைச்சலில் சுகமாகத் தூங்கும். மூன்றரைக்கு டீ மணி அடித்து மெஷின்கள் மொத்தமாக நின்றதும் திடுக்கிட்டு விழித்து, விடும் பாருங்கள் ஓர் உதை! அதற்காகவே பெண்கள் டீயைக்கூட மறந்து ஓடி வருவார்கள்.

"அக்கா, நேத்து அவ கை வச்சா. இன்னைக்கு என் முறை!"

"தள்ளுடி, உன் கை ஐஸ் மாதிரி இருக்கு, பிள்ளை பயந்துக்கும்!"

வீட்டிலும் கொண்டாட்டம்தான். கணவனுக்குப் பஸ் நிலையத்தில் வண்டி வந்துபோகும் நேரம் குறிக்கும் வேலை. அப்பாவாகப் போகும் சந்தோஷத்தில் தலைகால் புரியாமல், மனைவிக்கும் ஒரு கால அட்டவணை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டான். தண்ணீர் ஆறரைக்கு, நடை ஏழுக்கு, இடது பக்கம் படுப்பது ஒன்பதுக்கு. உதைகளை எண்ண போனில் ஓர் ஆப் வேறு. மாமியாருக்கோ, "வாயும் வயிறுமா இருக்கிறவ எதுக்கு அந்தச் சத்தத்துல போய் நிக்கணும்?" என்ற ஒரே பாட்டு.

அவள் எல்லோருக்கும் தலையாட்டுவாள். உடம்பு உட்காரச் சொன்னால் உட்காருவாள், நடக்கச் சொன்னால் நடப்பாள். என்றாலும் உள்ளூர ஓர் உதறல் இருந்தது. மெஷினில் பதினோரு வருஷ அனுபவம். பிள்ளையில்? இதுதான் முதல் தடவை.

ஒரு புதன்கிழமை மூன்றரைக்கு மணி அடித்தது. மெஷின்கள் நின்றன. நான்கு கைகள் வயிற்றின் மேல் காத்திருந்தன. ஒன்றுமில்லை. டீயைக் குடித்துப் பார்த்தாள். துணி மூட்டைமேல் இடது பக்கமாகச் சாய்ந்து பார்த்தாள். பத்து நிமிஷம் கழித்து மெல்ல ஓர் அசைவு.

"அதோ!" என்று பெண்கள் கைதட்டினார்கள். அவள் சிரிக்கவில்லை. ஓடுகிற மெஷின்தான், ஆனால் ஓட்டம் மாறியிருந்தது.

கணவனுக்கு போன் போட்டாள். "காலையிலேயே பத்து உதை வந்தாச்சும்மா. ஆப்ல பச்சைதான் காட்டுது" என்றான். மாமியார், "தூங்கும்மா அது. நீ மனசைப் போட்டுக் குழப்பிக்காத" என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போகணும் என்றதும் சூப்பர்வைசர் கையைப் பிசைந்தார். "புது மெஷினைப் பார்க்க நாலு மணிக்கு ஆளுங்க வர்றாங்கம்மா. ஒரு அரை மணி நேரம் பொறுத்துக்கக் கூடாதா?"

அதைக் கேட்டதும்தான் அவளுக்கிருந்த உதறல் நின்றது.

"சார், மெஷின் நின்னப்புறம் வந்து பார்த்தா நான் எதுக்கு உங்களுக்கு?"

டூல் பெட்டியை அவர் கையிலேயே திணித்துவிட்டு ஆட்டோ பிடித்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வயிற்றில் பட்டை கட்டி, பிள்ளையின் துடிப்பைக் கேட்டார். துடிப்பு விழுந்தது, எழுந்தது, மறுபடி விழுந்தது. அவள் டாக்டர் முகத்தைப் பார்க்கவேயில்லை, அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கே எடுத்துடலாம். நல்ல வேளை வந்தீங்க. யாரு வரச் சொன்னா?"

"யாரும் சொல்லலை டாக்டர்."

ஆறு மணிக்குள் பெண் குழந்தை. இரண்டு கிலோதான், ஆனால் கத்திய கத்தலில் வராந்தாவில் நின்ற அப்பன் அழுதுகொண்டே குதித்தான். பிறந்த நேரத்தைக் குறிக்க அவனுக்குத் தோன்றவேயில்லை.

நான்காம் நாள் பிள்ளையைத் தாயின் பக்கத்தில் விட்டார்கள். தூங்குவேனா என்றது. கணவன் ஆப்பைத் திறந்தான், மூடினான். மாமியார் மடியில் போட்டு ஆட்டிப் பார்த்துவிட்டு மருமகளிடம் நீட்டினாள்.

"நீயே சொல்லும்மா. உனக்கு என்ன தோணுது?"

கல்யாணமான மூன்று வருஷத்தில் அத்தை அவளிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. மேலே பார்த்தாள். ஓரத்தில் ஒரு பழைய ஃபேன், யாரும் போடாமல் சும்மா கிடந்தது.

"அதைப் போடுங்க அத்தை."

கடகடவென்று கட்டிடமே அதிர ஃபேன் சுற்றியது. பிள்ளை ஒரு கொட்டாவி விட்டு, அப்படியே கண்ணை மூடிக்கொண்டது. நர்ஸ் பதறி ஓடி வந்தார்.

"ஐயோ, என்ன சத்தம்! ரிப்பேருக்குச் சொல்லிடறேன்மா."

வாழ்நாளில் ஒரு கடகடப்பையும் சும்மா விடாத காதம்மா உதட்டில் விரல் வைத்தாள்.

"அதுல மட்டும் கை வச்சிடாதீங்க சிஸ்டர். இப்பதான் தூங்குறா."