வாத்தியார் வெட்டிய வரி

செட்டிபாளையத்துப் பள்ளிக்கூடத்தில் வினாயகமூர்த்தி வாத்தியாருக்குப் பயப்பட்ட பிள்ளை ஒன்றுகூட இருந்ததில்லை. பயமெல்லாம் அவர் பக்கம்தான். பள்ளிக்கூடம் பார்வையிட வரும் வித்தியாதரிசிக்குப் பயம். தோணி ஆடினால் பயம். மனைவி மங்கையற்கரசி இருமினாலே, என்ன பிழை செய்தோம் என்று யோசிக்கத் தொடங்கிவிடுவார். அப்படிப்பட்டவர் ஒரேயொரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக நின்றார். பிள்ளைகள் நாடகம் சொல்லுவார்கள், பெரியவர்கள் ஆடுவார்கள், பிள்ளைகள் சொன்னதில் ஒரு சொல்லும் மாறாது.

1936இல், அறுவடை முடிந்து கூத்துக்காரர்கள் சும்மா இருந்த காலத்தில் இது தொடங்கியது. நான்காம் வகுப்பை மரத்தடியில் இருத்தி, "பிறகு? பிறகு என்ன நடந்த?" என்று கேட்டுக் கேட்டு எழுதுவார். கதை கோணினாலும் நிமிர்த்தமாட்டார். முதல் நாடகத்தில் பேய்க்குச் சளி பிடித்தது. இரண்டாவதில் கலியாணப் பெண் தாலி கட்டும் நேரத்தில் நித்திரையாகிவிட்டாள். மீசை வைத்த ஆண்கள் இதையெல்லாம் ஆட, சனம் வயிறு நோகச் சிரித்தது.

மூன்றாவது நாடகம் சீதேவி என்ற ஒன்பது வயதுப் பிள்ளையுடையது. ஒரு ராசா எருமையைப் பார்த்து, நாறுது என்று மூக்கைப் பொத்துகிறார். எருமைகள் கோபித்துக்கொண்டு, களத்தில் சூடு மிதித்து நெல் பிரிக்க வராமல் வாவியில் இறங்கிப் படுத்துவிடுகின்றன. நெல் கதிரிலேயே கிடக்கிறது. அரண்மனையில் சோறு இல்லை. கடைசியில் ராசா வாவிக்கரைக்கு வந்து, முழங்காலில் நின்று எருமையிடம் மன்னிப்புக் கேட்கிறார்.

வாத்தியாருக்கு வேர்த்துவிட்டது. ராசாவாக ஆடப்போகிறவர் கதிர்காமத்தம்பி. பதினெட்டு வருடமாகக் கூத்துக் களரியில் ராசா வேஷம் தவிர வேறெதுவும் போட்டறியாத மீன்பிடிகாரர். வலை இழுக்கும்போதுகூடத் தலையில் ராசமுடி இருப்பதுபோல் கழுத்தை நிமிர்த்தியே வைத்திருப்பார். அவரை எருமைக்கு முன்னால் மண்டியிட வைப்பதா? கதிர்காமத்தம்பி ஒன்றும் சொல்லவில்லை. அவரிடம் யாரும் கேட்கவும் இல்லை. வாத்தியாரே அவருக்காகக் கோபப்பட்டு, அவருக்காக வேஷத்தை உதறி, நாடகத்தையும் மனதுக்குள்ளேயே குழப்பி முடித்தார். பிறகு ராசாவின் சட்டத்தில், அதாவது அவர் பேச வேண்டியதை எழுதிய தாளில், மன்னிப்பை வெட்டிவிட்டு, "எருமையே, உன்னை மன்னித்தோம்" என்று எழுதினார். சீதேவியிடம் மூச்சு விடவில்லை. செய்தது கோழைத்தனம் என்று அவருக்கே தெரிந்திருந்தது.

ஒன்றை மறந்துவிட்டார். கதிர்காமத்தம்பிக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. கூத்துப் பழக்கும் அண்ணாவியார் சொல்லச் சொல்லக் காதால் பாடம் பண்ணிப் பழகிய மனிதர் அவர். தாளை மடியில் செருகிக்கொண்டு நேரே சீதேவி வீட்டுக்குப் போனார்.

ஒத்திகையில் கடைசிக் கட்டம் வரும்போதெல்லாம் வாத்தியார் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார். அந்தப் பொய்யைக் காதால் கேட்க அவரால் முடியவில்லை.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் பள்ளிக்கூட முற்றத்தில் ஆட்டம் நடந்தது. கடைசிக் கட்டத்தில் வாத்தியார் எழும்பப் பார்த்தார். மங்கையற்கரசி சால்வையைப் பிடித்து இருத்திவிட்டாள். கதிர்காமத்தம்பி முடியைக் கழற்றி மண்ணில் வைத்தார். முழங்காலில் நின்றார்.

"எருமைத் தாயே, நான் பேசினது பிழை. எனக்குச் சோறு தாறது நீதான். என்ன மன்னிச்சுக்க."

எருமையாக நின்ற கனகசிங்கம், கொம்பு சரிந்ததும் தெரியாமல் அழுதுகொண்டிருந்தார்.

ஆட்டம் முடிந்து வேஷம் கலைக்கும் இடத்துக்கு வாத்தியார் தயங்கித் தயங்கிப் போனார்.

"அண்ணன், அந்தக் கடைசி வரி..."

"தாளப் பாத்திட்டு, இது நான் சொன்ன இல்ல எண்டு அந்தப் புள்ள அழுதிச்சு. அவள் சொன்னதத்தான் பாடம் பண்ணினன்," என்றார் கதிர்காமத்தம்பி, முகத்து அரிதாரத்தைத் துடைத்தபடி. "பதினெட்டு வருஷமா நிமிந்து நிண்டு கழுத்து நோகுது, வாத்தியார். என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே."

வாத்தியாருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. திங்கட்கிழமை காலை, வகுப்பு முழுக்கப் பார்த்திருக்க, சீதேவிக்கு முன்னால் போய் நின்றார்.

"புள்ள, உன்னட்டக் கேக்காம வெட்டினது என்ட பிழைதான்."

சீதேவி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"சரி. இருந்து எழுதுங்க, வாத்தியார். ஒரு ஊரில ஒரு பயந்த வாத்தியார் இருந்தார்."

வகுப்பு சிரித்தது. வாத்தியார் பேனாவை மையில் தொட்டு, அவள் சொன்னபடியே எழுதினார்.