ரொட்டிக்குள் போன மருந்து

இலங்கையின் கஹவத்தைக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில், தண்ணீர் குடிக்காமல் வேலை செய்வதில் ஜெயம்மாவை அடிக்க ஆளில்லை. விடியலில் அரைக் கோப்பை சாயத்தண்ணி. அதோடு சரி. சாயந்தரம் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு லயத்து வீட்டுக்குத் திரும்பும்வரை அவள் நாக்கு ஈரம் காணாது.

விரதம் ஒன்றுமில்லை. மலையில் கக்கூஸ் கிடையாது, அவ்வளவுதான். குடித்தால் போகவேண்டும், போவதென்றால் இடுப்பளவு தேயிலைச் செடிக்குப் பின்னால் குந்தவேண்டும். கீழே அட்டை, மேலே கங்காணி கந்தையா. அட்டையாவது இரத்தத்தைக் குடித்துவிட்டு வாயை மூடிக்கொள்ளும். கந்தையாவோ, "எங்க போற, எதுக்குப் போற, இன்னைக்கு எத்தனாவது தடவ?" என்று மலை முழுக்கக் கேட்கும்படி விசாரிப்பார். ஆகவே பெண்கள் எல்லோரும் தொண்டையைப் பூட்டி வைத்திருந்தார்கள். ஜெயம்மா சாவியையும் தூக்கி எறிந்திருந்தாள். இருபத்தேழு வருசத்தில் அவள் நிரையை விட்டு இறங்கியதை ஒருவரும் பார்த்ததில்லை. "ஜெயம்மாவ பாத்துப் படிங்கடி" என்பார் கந்தையா. அவளுக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான்.

வயிறு மட்டும் அந்தப் பெருமையில் பங்கு கேட்கவில்லை. காலையில் கோதுமை ரொட்டி, பகலுக்கும் அதுவே, ராத்திரி சோறு இல்லாவிட்டால் மறுபடியும் ரொட்டி. உள்ளே போனது வெளியே வர மூன்று நாள், நான்கு நாள். 1998 வைகாசியில் ஆறு நாளாகியும் ஒன்றும் அசையவில்லை.

தோட்டத்து டிஸ்பென்சர் யேசுதாசன் ஒரு பொட்டலம் இசப்கோல் கொடுத்தார்.

"இது நார்ச்சத்து. ரெண்டு கரண்டி போட்டு, பெரிய கிளாஸ் தண்ணியில கலக்கி உடனே குடிக்கணும். அதுக்கு மேல இன்னொரு கிளாஸ் தண்ணி. காலையில ஒருக்கா, ராத்திரி ஒருக்கா."

"காலையிலயுமாங்க ஐயா?"

"காலையிலயும்தான்."

பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகுமுன் இரண்டு கிளாஸ் தண்ணீர்! பத்து மணிக்கெல்லாம் இருபத்தேழு வருச மானம் போய்விடுமே. ஜெயம்மா யோசித்தாள். உள்ளே போகவேண்டியது மருந்து. தண்ணீர் சும்மா அதைத் தள்ளிவிடத்தானே? தள்ளிவிட ரொட்டி போதாதா? மாவு பிசையும்போது நாலு கரண்டியைக் கொட்டிப் பிசைந்துவிட்டாள்.

"என்ன புள்ள, ரொட்டி ரப்பர் பாலு மாதிரி இழுக்குது?" என்றான் புருசன் இருளப்பன்.

"பேசாம தின்னுங்க. ஒங்களுக்கும் நல்லதுதான்."

மூன்றாம் நாள் வயிறு மத்தளம்போல் இறுகி, ஜெயம்மா நிமிர முடியாமல் தோட்டத்து லொறியில் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனாள். திரைக்குப் பின்னால் நடந்த எனிமா வைபவத்தை அவள் கந்தையாவுக்குக்கூட வரவேண்டுமென்று நினைக்கமாட்டாள்.

எல்லாம் அடங்கிய பிறகு, மாவனல்லைக்காரி நர்ஸ் நூரியா மிஸ்ஸி கேட்டாள்: "மருந்த எப்படிக் குடிச்சீங்க?"

"குடிக்கல்ல மிஸ்ஸி. ரொட்டியில போட்டுத் தின்னேன்."

"யா அல்லாஹ்!"

நூரியா ஒரு கிளாஸ் தண்ணீரில் ஒரு கரண்டி இசப்கோலைப் போட்டு வைத்தாள். கொஞ்ச நேரத்தில் அது உப்பிக் கூழாகிவிட்டது.

"பாத்தீங்களா? நாரு வயித்துலயும் செரிக்காது, சிறுகுடல்லயும் செரிக்காது. இப்படித் தண்ணியப் புடிச்சிக்கிட்டு கீழ போகும். அதாலதான் மலம் இளகி வருது. தண்ணியே இல்லாட்டி எதப் புடிக்கும்? பெருங்குடல் வேற, இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சி எடுத்துரும். தங்கத் தங்க இறுகும்."

ஜெயம்மா கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பேக்டரியில கொழுந்து வாட்டுற மாதிரிங்க. போட்டு வைக்க வைக்க ஈரம் போயிரும்."

"அதேதான் அக்கா! நீங்க குடலுக்குள்ள பேக்டரி நடத்தியிருக்கீங்க."

இன்னொரு தடவை இப்படி வந்தால் வயிற்றைக் கிழிக்க வேண்டியிருக்கும் என்று நூரியாவிடம் டாக்டர் சிங்களத்தில் சொன்னார். ஜெயம்மாவுக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. விளங்காதவள்போல் சுவரைப் பார்த்தாள்.

அடுத்த திங்கட்கிழமை இடுப்பில் ஒரு போத்தல் தண்ணீரோடு மலையேறினாள். எட்டு மணிக்குக் குடித்தாள். ஒன்பதுக்கும் குடித்தாள். பத்தரைக்கு அடிவயிறு கூப்பிட்டது. பழக்கதோசத்தில் பல்லைக் கடித்தாள். டாக்டரின் கத்தி ஞாபகம் வந்தது. கூடையை இறக்கினாள்.

"கங்காணி! நான் ஒண்ணுக்குப் போறேன்!"

மலையே கை ஓய்ந்து நின்றது.

"என்ன ஜெயம்மா, நீயுமா? ஒன்னக் காட்டித்தானே இவளுகள அடக்கி வச்சிருக்கேன்?"

"இனி வேற ஆளப் பாத்துக்கங்க. அடக்கி அடக்கி கொடலு காஞ்சி போச்சி. வயித்தக் கிழிக்கணும்னு டாக்டரு சொல்றாரு. எனக்குப் பதிலா நீங்க போய் படுப்பீங்களா?"

பக்கத்து நிரைச் சூசையம்மா இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து மறைப்பாக விரித்துப் பிடித்தாள். "அந்தப் பக்கம் திரும்புங்க கங்காணி. பாக்குறதுக்கு மலையில வேற எவ்வளவோ இருக்கு."

கந்தையா திரும்பினார். எதிர்மலை ரப்பர் மரங்களை அன்றுதான் முதன்முதலாகக் கண்டவர்போல் நின்றார்.

ஜெயம்மா கணுக்காலில் இரண்டு அட்டையோடு வந்தாள். அவற்றைப் பிய்த்து எறிந்துவிட்டு மறுபடியும் போத்தலைத் திறந்தாள்.

"அக்கா, எனக்கும் ஒரு மொடக்கு" என்றாள் சூசையம்மா.

வியாழன் விடியலில், லயத்துக் கக்கூசிலிருந்து வந்த ஜெயம்மாவை, போயிற்றா என்று இருளப்பன் கண்ணாலேயே கேட்டான். அவள் சிரித்தபடி குடத்தைச் சாய்த்துப் போத்தலை விளிம்புவரை நிரப்பிக்கொண்டு பெரட்டுக்குக் கிளம்பினாள்.