ஸ்டியரிங்கில் ஒரு குமிழ்

என் கணவர் கட்டிய கார் வீதிக்கு வந்து ஒரு கோடைகாலம் முடிந்திருந்தது. அடுத்த மாசி மாதம் ஒரு காலை, பல் துலக்கிக்கொண்டு நின்றவரின் கையிலிருந்து பற்பசை நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். பாரிசவாதம். இடப்பக்கம் முழுவதும் போய்விட்டது.

கால் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. வெயில் காலம் தொடங்கும்போது தடி ஊன்றி, லண்டன் கோலியர்ஸ் வுட்டில் எங்கள் ஃபிளாட்டின் படிகளில் தானாகவே ஏறி இறங்கினார். கைதான் வரவில்லை. இடது கை விரல்கள் மடங்கியபடியே இருந்தன. அவர் லிஃப்ட் திருத்தும் வேலை செய்தவர். இரண்டு கையும் சரியாக இயங்க வேண்டிய வேலை. கம்பனி அவரை அலுவலகத்துக்குள் மாற்றியது, அதை அவர் பேசாமல் ஏற்றுக்கொண்டார். காரின் விஷயத்தில்தான் அவரால் அது முடியவில்லை.

அந்தக் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐம்பதுகளில் இந்த நாட்டில் செய்த சின்னக் கார் அது. துருப்பிடித்த கூடாக ஒரு பண்ணையில் கிடந்ததை வாங்கி வந்து, ஃபிளாட்டுக்குப் பின்னாலிருந்த வாடகைக் கராஜில் வைத்து, ஆறேழு வருடம் அதனோடு கிடந்தார். கூரையை வெட்டித் தாழ்த்தினார், பின் சில்லுகளை அகலமாக்கினார், உள்ளே அளவுக்கு மீறிய அமெரிக்க எஞ்சின் ஒன்றைப் பூட்டினார். இப்படிச் செய்கிற கார்களை ஹொட் ரொட் என்பார்கள். அதில் பைத்தியமானவர்கள் லண்டன் முழுக்க இருக்கிறார்கள். நான் உடுப்பு மாற்றித் தைக்கும் கடையில் வேலை செய்பவள். சீட்டுகளுக்குக் கடும் சிவப்புத் தோலில் உறை தைத்தது நான்தான். ஊசிகள் எத்தனை உடைந்ததோ தெரியாது. அதனால் அது எங்கள் இரண்டு பேரின் கார்.

ஆஸ்பத்திரியில் கைப்பயிற்சி கொடுத்த பெண் ஒருநாள் ஒரு படம் காட்டினாள். ஸ்டியரிங் வட்டத்தில் பூட்டுகிற ஒரு குமிழ். அதைப் பிடித்துச் சுழற்றினால் ஒரே கையால் வண்டியைத் திருப்பலாம். சாம்பல் நிறப் பிளாஸ்டிக்கில், கட்டிலோடு பொருத்தும் ஏதோ கருவி மாதிரி இருந்தது. எங்கள் காரில் கியர் தானாகவே மாறும். ஆகவே ஸ்டியரிங்கைச் சமாளித்தால் போதும் என்று எனக்கு உடனே தோன்றியது.

வீட்டுக்கு வந்ததும் அவர் சொன்னார்: "அது நோயாளியின்ர சாமான். என்ர காருக்கு அதைப் பூட்டேலாது."

"ஏனப்பா, கார் ஓட வேணும் எண்டுதானே?"

"விடும். காரை விப்பம்."

நான் வாதாடவில்லை. அவர் சொல்லச் சொல்ல, கார்க்காரர்களின் இணையக் குழுவில் நானே விற்பனை அறிவிப்பைப் போட்டேன். எழுதி அனுப்பிவிட்டுக் குளியலறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் இருந்தேன்.

முதலில் வந்தவர் கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்கிற ஊரிலிருந்து வந்த ஒரு தமிழர். கோயம்புத்தூர்க்காரர், வங்கி ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை. அவரிடமும் அப்படி ஒரு கார் இருக்கிறதாம். என் கணவர் கீழே வர மறுத்துவிட்டார். நான்தான் சாவியோடு போய்க் கராஜைத் திறந்தேன். வந்தவர் காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தரையில் படுத்து அடியில் பார்த்தார். பிறகு உள்ளே உட்கார்ந்து, சீட்டின் தையலை விரலால் தடவினார்.

"இவ்ளோ செஞ்சுட்டு ஏங்க்கா விக்கறீங்க?"

சொன்னேன். சாம்பல் நிறக் குமிழைப் பற்றியும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

"அக்கா, அது நோயாளிக்குன்னு வந்த சாமானே இல்லீங்க. அம்பதுகள்ல பசங்க ஸ்டைலுக்குப் போட்டது. ஒரு கை ஸ்டியரிங்ல, ஒரு கை பொண்ணு தோள்ல. அண்ணன்கிட்ட நான் பேசலாங்களா?"

மேலே கூட்டிக்கொண்டு போனேன். கணவர் சோபாவில் இருந்தார், எழும்பவில்லை. வந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து தன் ஃபோனில் படங்களை எடுத்துக் காட்டினார். பழைய அமெரிக்கக் கார்கள். ஒவ்வொன்றின் ஸ்டியரிங்கிலும் ஒரு குமிழ். பச்சை, கறுப்பு, தேன் நிறம். ஒன்றுக்குள் ரோஜாப்பூ, இன்னொன்றுக்குள் சூதாட்டச் சீட்டு. என் கணவர் முதலில் ஓரக்கண்ணால் பார்த்தார். பிறகு ஃபோனைத் தன் கையில் வாங்கினார்.

"உது எங்க எடுக்கலாம், தம்பி?"

"ஞாயித்துக்கிழமை பழைய கார்ச் சாமான் சந்தை இருக்குங்கண்ணா. நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

கார் வாங்க வந்த மனிதர், ஸ்டியரிங் வட்டத்தின் தடிப்பை அளந்துகொண்டு திரும்பிப் போனார். வாங்குவதைப் பற்றி அதன் பிறகு ஒரு வார்த்தைகூட அவர் பேசவில்லை.

சந்தை, நகரத்தின் தெற்கு எல்லையில் ஒரு புல்வெளி. மேசைகளிலும் விரித்த துணிகளிலும் சில்லு மூடிகள், மூடுபனி விளக்குகள், யன்னலில் மாட்டும் சின்ன விசிறிகள். என் கணவர் தடியோடு மெதுவாக நடந்தார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து விலை கேட்பதைக் கண்டேன். குமிழ் வைத்திருந்தவர்கள் இரண்டு பேர். ஒன்று வெடித்திருந்தது, மற்றது புதிதாகச் செய்து பழசு மாதிரி ஆக்கியது.

கடைசி வரிசையில் வெள்ளைக்காரப் பெண்மணி ஒருத்தியின் மேசை. எழுபது வயதிருக்கும், கையில் கிரீஸ், உதட்டில் சிவப்புச் சாயம். மேசைக்கு நடுவே ஒரு பழைய ஸ்டியரிங் வட்டத்தை நிறுத்தி வைத்திருந்தாள். அதில் தேன் நிறக் குமிழ் ஒன்று. உள்ளே ஒரு சின்னக் குருவி, சிறகை விரித்தபடி. என் கணவர் அதற்கு முன்னால் நின்றவர் நின்றதுதான்.

விலை கேட்டார். விற்பதற்கில்லை என்றாள் அவள். சேகரிப்பவர்கள் வருடா வருடம் வந்து கேட்பதாகவும், எல்லோருக்கும் இதே பதிலைத்தான் சொல்வதாகவும் சொன்னாள். கோயம்புத்தூர்க்காரர் ஏதோ விளக்கப் போனார். என் கணவர் அவரை மறித்தார். கோட்டுப் பைக்குள் எப்போதும் மறைத்து வைத்திருக்கும் இடது கையை வெளியே எடுத்து மேசையில் வைத்தார்.

"எனக்கு ஸ்ட்ரோக் வந்தது. இந்தக் கை பிடிக்காது. என்னிடம் ஒரு கார் இருக்கிறது. அதை நான் ஓட்ட வேண்டும்" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

வெளியாட்களிடம் அவர் அதைச் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை.

அவள் கையை ஒரு முறை பார்த்தாள். காரைக் காட்டு என்றாள். ஃபோனில் இருந்த படத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தாள். கூரை வெட்டின இடத்தைப் பார்த்துத் தலையாட்டினாள். சீட் தைத்தது யார் என்று கேட்டாள். அவர் என்னைக் காட்டினார். அவள் இடுப்புப் பையிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்துக் குமிழைக் கழற்றத் தொடங்கினாள்.

நான் பர்ஸைத் திறந்தேன். அவள் என் கையைப் பிடித்துப் பர்ஸை மூடிவிட்டாள். கண்ணாடி அலமாரிக்குள் வைப்பவனுக்குத்தான் இதை நான் விற்கவில்லை என்றாள். இது ஓடுவதற்காகச் செய்த சாமான். ஓட்டுங்கள், மழையிலும் ஓட்டுங்கள். எப்போதாவது ஓட்டுவதை நிறுத்தினால் ஓட்டுகிற வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுங்கள். அவ்வளவுதான் அவள் கேட்டது. என் கணவர் குமிழை வாங்கி வலது உள்ளங்கையில் பொத்திக்கொண்டார். இரண்டு பேருக்குமாக நான் நன்றி சொன்னேன்.

குமிழை ஸ்டியரிங் வட்டத்தோடு பூட்டுகிற பழைய பிடி பலமில்லாமல் இருந்தது. கோயம்புத்தூர்க்காரர் குழுவில் ஒரு வரி எழுதினார். அடுத்த வார இறுதியில் எங்கள் கராஜ் வாசலில் அரைவட்டமாகக் கார்கள் நின்றன. குழாய் திருத்துகிற ஒருவர், மோதி உடைந்த புதுக் காரிலிருந்து கழற்றிய ஸ்டியரிங் மோட்டாரைக் கொண்டுவந்தார். பழைய காரின் ஸ்டியரிங் கல் மாதிரி. இந்த மோட்டார் இருந்தால் ஒரு கைக்கு இலேசாகிவிடுமாம். இன்னொருவர் குமிழுக்குப் புது எஃகுப் பிடி கடைந்து வந்தார். எனக்கு அவர்களில் பாதிப் பேரின் முகம்கூடத் தெரியாது. இடியப்பம் அவித்து, தேங்காய்ப்பால் சொதியும் சம்பலும் செய்து கீழே கொண்டுவந்தேன். சம்பல் உறைப்பில் குழாய்க்காரர் கண் கலங்கி, மறுபடியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். என் கணவர் ஒரு கதிரையில் உட்கார்ந்தபடி, வலது கையால் அங்கும் இங்கும் காட்டிக்கொண்டிருந்தார். ஒரு கட்டத்தில் கதிரை காலியாக இருந்தது. பார்த்தால் தரையில் படுத்துக் காருக்கு அடியில் இருக்கிறார், கால் மட்டும் வெளியே தெரிகிறது.

மீண்டும் ஓட்டலாமா என்று பரிசோதிக்கும் நிலையத்தில், அவர்களுடைய காரில் அந்தச் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் குமிழ்தான் இருந்தது. அவர் முறைப்பாடு ஏதுமில்லாமல் அதையே பிடித்து ஓட்டிக் காட்டினார். பிறகு எங்கள் காரையும் பார்த்துப் பிடியை அசைத்துச் சோதித்தார்கள். சரி என்றார்கள். பரிசோதித்த பெண் குருவியைக் குனிந்து பார்த்துச் சிரித்தாளாம். அதை வீட்டில் அவர் இரண்டு தரம் சொன்னார்.

முதல் பயணம் ஆர்ச்வேயில் உள்ள முருகன் கோயிலுக்கு. கோயில் வாசலில் சில்லுக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைக்காமல் வேறு எந்தப் பயணமும் வேண்டாம் என்பது என் பிடிவாதம். நகரத்தைக் குறுக்கே கடந்து, அந்த மேட்டில் ஏறும்போது எஞ்சின் போட்ட சத்தத்துக்கு நடைபாதையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். சிவப்பு விளக்கில் நின்றபோது கேட்டேன், "கை நோகுதே?"

"இல்லையப்பா."

"களைச்சுப் போனீங்களோ?"

"சும்மா இரும். நான் கார் ஓடுறன்."

கோயிலில் ஐயர் வெளியே வந்து கற்பூரம் காட்டிவிட்டு, எஞ்சினைத் திறந்து காட்டச் சொன்னார். அர்ச்சனைக்கு நின்றவர்களும் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

இடது கை விரல்கள் இன்றைக்கும் முழுதாக விரியவில்லை. குளிர் நாட்களில் நோகும்போது அவருக்குக் கோபம் வரும், என்னோடு பேசமாட்டார். ஆனால் கோட்டுப் பைக்குள் கையை மறைப்பது எப்படியோ நின்றுவிட்டது.

இந்த வருடம் வசந்த காலச் சந்தைக்கு எங்கள் காரிலேயே போனோம். வழியில் நல்ல மழை. அந்தப் பெண்மணி மேசையை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தாள். ஓட்டிப் பார்க்கிறீர்களா என்று என் கணவர் சாவியை நீட்டினார். அவர் பக்கத்தில் இருக்க, அவள் ஒரே கையால் குமிழைப் பிடித்து, ஈரப் புல்லில் சேறு பறக்க வட்டமடித்தாள். நானும் கோயம்புத்தூர்க்காரரும் அவளுடைய மேசைக்குக் காவல் நின்றோம். அதற்குள் ஒருவர் வந்து ஒரு சோடி விளக்குக்கு விலை கேட்டார். எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

"கொஞ்சம் நில்லுங்கோ," என்றேன் நான் தமிழிலேயே. "அவா இப்ப வந்திடுவா."