இருபத்தாறு பச்சைப் புள்ளிகள்

எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபத்தைப் பற்றி ஐந்து நிமிடம் சாட்சி சொல்லும்படி பாஸ்டர் என்னிடம் மூன்று முறை கேட்டுவிட்டார். மூன்று முறையும் தொண்டை சரியில்லை என்றேன். உண்மையான காரணம் என் மனைவி போட்ட நிபந்தனை. சொன்னால் முழுசாகச் சொல்ல வேண்டும், பாதியை முழுங்கக் கூடாது என்கிறாள். முழுசாகச் சொன்னால் அதில் நான் வருகிற இடமெல்லாம் பார்க்க அவ்வளவு அழகாக இருக்காது. மைக்கில் சொல்லத் தைரியம் இல்லாததால் இங்கே எழுதுகிறேன்.

நான் கல்லாவிப் பக்கம் கூலிக்காரக் குடும்பத்தில் பிறந்தவன். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஓசூருக்கு வந்து, வண்டிகளுக்கு உதிரி பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தேன். இப்போது அங்கே குவாலிட்டி சூப்பர்வைசர். ஞானஸ்நானம் எடுத்தது கல்யாணத்துக்கு முந்தைய வருடம். ஜூஜுவாடிப் பெண்ணைக் கட்டுவதற்காகத்தான் எடுத்தான் என்று ஊரில் பேசினார்கள். அதில் பாதி உண்மை. மீதிப் பாதிக்கு நான் மனசார நம்பினேன், இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் புதிதாக வந்தவனுக்கு வேகம் கொஞ்சம் அதிகம். பிறந்ததிலிருந்தே சபைக்குப் போகிற என் மனைவி, குழம்பை ஊற்றிக்கொண்டே ஜெபத்தை முடித்துவிடுவாள். நான் குழம்பு ஆறி ஆடை கட்டும் வரை ஜெபிப்பேன்.

என் ஜெபம் வீட்டில் கிளம்பி, ஜூஜுவாடி செக்போஸ்ட்டைத் தாண்டி, பெங்களூரு வழியாக டெல்லிக்குப் போய் அங்கிருக்கும் தலைவர்களுக்கு ஞானம் வாங்கிக் கொடுத்துவிட்டு, உலக நாடுகளையும் ஒரு சுற்றுச் சுற்றித்தான் திரும்பும். காலேஜில் முதல் வருஷம் படிக்கிற என் மகள், "அப்பா வெளிநாட்டுல இருந்து வர்றதுக்குள்ள நான் ரெண்டு கணக்குப் போட்டுருவன்" என்று அவளுடைய அம்மாவிடம் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். ஜெபத்தில் வளராத பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் ஜெபத்தில் வளரும் குடும்பங்களைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். எங்கள் சபை தொழிற்பேட்டைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு கூடம். ஒரே பாட்டைத் தமிழில் ஒரு தடவை, தெலுங்கில் ஒரு தடவை, கன்னடத்தில் ஒரு தடவை பாடுவோம். ஆகையால் பிரசங்கம் தொடங்கும்போதே பாதிப் பேருக்குப் பசி வந்துவிடும். அன்றைக்கு எனக்கு மட்டும் பசிக்கவில்லை. நாற்பது நாள் குடும்பமாக ஜெபியுங்கள், வளர்கிறீர்களா என்று நீங்களே அளந்து பாருங்கள் என்றார். அளப்பது என் தொழில். அவர் சாதாரணமாகச் சொன்ன வார்த்தையை நான் கம்பெனி சர்க்குலர் மாதிரி எடுத்துக்கொண்டேன்.

எங்கள் கம்பெனியில் ஷிப்ட் ஆரம்பிக்கும்போது எல்லோரும் ஒரு போர்டு முன்னால் நிற்போம். நேற்று எத்தனை பீஸ், எத்தனை ரிஜெக்ட், யாருக்காவது அடிபட்டதா என்று ஆளுக்கு ஒரு நிமிடம் சொல்ல வேண்டும். சரியாக நடந்திருந்தால் பச்சைப் புள்ளி, இல்லாவிட்டால் சிவப்பு. அதே மாதிரி ஒரு வெள்ளை போர்டு வாங்கி வந்து டி.வி.க்குப் பக்கத்தில் மாட்டினேன். துதி, நன்றி, பாவ அறிக்கை, விண்ணப்பம் என்று நான்கு பத்தி. மூன்று பேருக்கு மூன்று வரிசை. ஆளுக்கு இரண்டு நிமிடம், போனில் டைமர். எனக்கு மட்டும் நேரக் கட்டுப்பாடு இல்லை, நான் குடும்பத் தலைவன்.

காலை வேலையான ஏ ஷிப்ட் வாரத்தில் மாலை ஏழு மணிக்குப் பாயை விரித்து உட்காருவோம். மாலை வேலையான பி ஷிப்ட் வாரத்தில் நான் டீ பிரேக்கில் கேன்டீன் பின்புறம் போய் நின்று, போனில் ஜெபத்தை நடத்துவேன். வீட்டில் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பார்கள். புள்ளி வைக்கும் வேலையை அந்த வாரம் மகளிடம் ஒப்படைத்துவிட்டு, போர்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வேன். அந்தப் போட்டோவை நான் சபை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். பாஸ்டர் கைகூப்பும் படத்தோடு பதில் போட்டார். மூன்று குடும்பத்தார் அதே மாதிரி போர்டு வாங்கினார்கள். ஒரு பிரதர் இதை எக்செல் ஷீட்டாக அனுப்ப முடியுமா என்று கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இனி, எனக்குத் தெரியாமல் என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஐந்தாம் நாள் குளிக்கும்போது என் மனைவிக்கு இடது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. கோலிக்குண்டு அளவு. வலி இல்லை. வலி இல்லாததுதான் பயமாக இருந்தது என்று பிற்பாடு சொன்னாள்.

அன்று மாலையே அவள் ஜெபத்தில் அதைச் சொல்லிவிட்டாள். "என் சரீரத்துல இருக்கற இந்தக் கட்டிய நீரே பாரும் ஆண்டவரே, எனக்குப் பயமா இருக்குது" என்று தினமும் தன் இரண்டு நிமிடத்தின் கடைசியில் மெதுவாகச் சொல்வாளாம். நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஆமென் சொல்வேன். அவளுக்கு அது போதும். அவள் வளர்ந்த வீட்டு வழக்கம் அப்படி. அவளுடைய அம்மா புருஷனிடம் நேராக எதையும் கேட்டதில்லையாம். "அரிசி டப்பாவ நீர் பாக்கறீர் ஆண்டவரே" என்று குடும்ப ஜெபத்தில் சொன்னால் போதும். மறுநாள் என் மாமனார் மூட்டையோடு வருவார். பிள்ளைகளுக்குச் செருப்பு, கூரைக்கு ஓடு, பெரியவளுக்கு மாப்பிள்ளை எல்லாம் அந்த வழியாகத்தான் வந்தன. அந்த வீட்டில் ஜெபம் மேலே போகிற வழியில் பக்கத்தில் இருப்பவன் காதிலும் விழும். விழ வேண்டும் என்றுதான் வாய்விட்டுச் சொல்வார்கள்.

இது எனக்கு யாரும் சொல்லித் தராத பாடம். அடுத்தவர் ஜெபம் ஆண்டவருக்குப் போகிற தபால், அதை நாம் பிரித்துப் படிக்கக் கூடாது என்று நான் நினைத்திருந்தேன். இது கௌரவமான பதில். உண்மை என்னவென்றால், அவள் ஜெபிக்கும்போது நான் ஒரு கண்ணால் டைமரைப் பார்த்துக்கொண்டு, அடுத்து நான் டெல்லியில் யாருக்காக ஜெபிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சரீரம் என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. அவள் வரிசையில் விண்ணப்பம் என்ற பத்தியில் "உடல் சுகம்" என்று எழுதி, பச்சைப் புள்ளி வைத்தேன். மறுநாளும் வைத்தேன். கேன்டீனிலிருந்து நடத்திய வாரத்தில், போட்டோவைப் பெரிதாக்கி எல்லாம் பச்சையா என்று மட்டும் பார்த்தேன்.

முப்பதாம் நாள் வாக்கில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. எல்லாமே பச்சையாக இருந்தால் குவாலிட்டிக்காரனுக்குத் தூக்கம் வராது. எங்கள் லைனில் இதற்கு ஒரு வழி உண்டு. செக் பண்ணுகிறவர்கள் விழித்திருக்கிறார்களா என்று பார்க்க, கெட்டது என்று நன்றாகத் தெரிந்த ஒரு பீஸை யாருக்கும் சொல்லாமல் நல்லவற்றோடு கலந்து அனுப்புவோம். அவர்கள் அதைப் பிடித்தால் சரி. விட்டுவிட்டால் அன்றைக்கு முழுக்க அவர்களுக்கு அர்ச்சனை. அதையே வீட்டிலும் செய்து பார்க்க முடிவு செய்தேன். ஆண்டவரிடம் முன்கூட்டியே தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன், அது சோதனைக்காக என்று.

முப்பத்தோராம் நாள் மாலை, டெல்லியிலிருந்து திரும்புகிற வழியில் அதே குரலில் சொன்னேன்: "கர்த்தாவே, வருகிற வெள்ளிக்கிழமைக்குள் எங்கள் வீட்டுக் கூரை இடிந்து எங்கள் தலையில் விழக் கிருபை செய்யும்."

"ஆமென்" என்றாள் மனைவி. "ஆமென்" என்றாள் மகள்.

திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷம் எனக்கு. கண்ணைத் திறந்து, எழுந்து, சிவப்பு மார்க்கரை எடுத்துக்கொண்டு போர்டு முன்னால் நின்றேன். லைனில் திட்டுவதை எல்லாம் திட்டினேன். முப்பது நாளாக வாய் மட்டும்தான் ஜெபித்திருக்கிறது, மனசு எங்கே மேய்ந்தது என்று கேட்டேன். கவனம் இல்லாத ஆமென் ஸ்கிராப்புக்குச் சமம் என்று ஒரு வசனம் மாதிரியே சொன்னேன். மனைவி பாயைச் சுருட்டினாள்.

மகள்தான் எழுந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"அப்பா, நான் கவனிக்கல, தப்புதான். அம்மா இத்தன நாளா என்ன கேட்டாங்கன்னு நீங்க சொல்லுங்க பாக்கலாம்."

இதென்ன பெரிய கேள்வி என்று போர்டைப் பார்த்தேன். "உடல் சுகம்" என்றேன்.

"யாரு ஒடம்பு?"

பதில் போர்டில் இல்லை.

"எங்க, என்ன பிரச்சனைன்னு சொன்னாங்க?"

அவள் போர்டுக்கு வந்து அம்மாவின் வரிசையில் விரலை வைத்து எண்ணினாள். ஐந்தாம் நாளிலிருந்து இருபத்தாறு பச்சைப் புள்ளிகள். எண்ணி முடித்துவிட்டு, அம்மாவுக்கு மார்பில் கட்டி இருக்கிறது என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். நான் மார்க்கரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் மனைவி கோபம் வந்தால் பிறந்த வீட்டு மொழியான தெலுங்கில்தான் திட்டுவாள். அன்று அவள் தமிழில் பேசினாள், அதுவே எனக்கு என்னவோ போல் இருந்தது.

"உங்களுக்குத் தெரியும்னுதான் இருந்தன். தெனம் ஆமென் சொன்னீங்களே. தெரிஞ்சும் ஒரு வார்த்த கேக்கலியேன்னு நெனச்சன். இவளயும் உங்ககிட்ட ஒண்ணும் கேக்க வேணாம்னுட்டன். சரி, இவரு அவ்ளோதான் போலன்னு விட்டுட்டன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, பயமாக இருந்தது. இருபத்தாறு நாள் அவள் அந்தப் பயத்தோடு எனக்குச் சோறு கட்டிக் கொடுத்திருக்கிறாள். கூடவே, கட்டின புருஷன் இவ்வளவுதான் என்ற முடிவையும் சுமந்திருக்கிறாள். எது அதிகக் கனம் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கிருந்த டாக்டர் அம்மா தொட்டுப் பார்த்துவிட்டு எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டார். மனைவி நாள் கணக்கைச் சரியாகச் சொன்னாள். ஏன் உடனே வரவில்லை என்று கேட்டபோது அவள் என்னைப் பார்க்கவில்லை, சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள். ஊசி போட்டுப் பரிசோதனைக்குக் கொஞ்சம் சதை எடுத்தார்கள். ரிப்போர்ட் வர ஆறு நாள் ஆகும் என்றார்கள். அந்த ஆறு நாளும் பாஸ்டர் குரூப்பில் மாதிரிக் குடும்பம் என்று எங்கள் போர்டையே மறுபடி மறுபடி போட்டுக்கொண்டிருந்தார். நான் ஒன்றையும் திறந்து பார்க்கவில்லை. வீட்டில் போர்டு சுவரைப் பார்த்துத் திரும்பித் தொங்கியது. யார் திருப்பினார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

ஆறாம் நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சில் மூவரும் உட்கார்ந்திருந்தோம். எங்கள் டோக்கனுக்கு முன்னால் நான்கு பேர் இருந்தார்கள். பழக்க தோஷத்தில் நான் கண்ணை மூடி, "கர்த்தாவே" என்று ஆரம்பித்துவிட்டேன். மனைவி என் முழங்காலில் கையை வைத்தாள்.

"நீங்க இருங்க. இன்னிக்கு நான் பேசறன். நீங்க கேளுங்க."

அவள் கண்ணை மூடவில்லை. எதிரே இருந்த தண்ணீர்க் கேனைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"ஆண்டவரே, இருவத்தாறு நாளு உம்மகிட்ட சொன்னன். உம்மகிட்ட சொன்னா இவருக்கும் கேக்கும்னுதான் சொன்னன். எங்கப்பாவுக்குக் கேட்டுச்சு, இவருக்கும் கேக்கும்னு இருந்துட்டன். நேரா சொல்லாதது என் தப்புதான். ஆனா இவரு பக்கத்துலதான ஒக்காந்திருந்தாரு. ஒரு மொழம் தூரம் இருக்குமா? ரிப்போர்ட்டுல என்ன வந்தாலும் நீர் பாத்துக்குவீர், அத நான் கேக்கல. எனக்கு ஒண்ணு ஆயிட்டா, எம்பொண்ணு பேசறத இந்த மனுசன் கேக்கணும். அவளுக்கு வேற யாரும் இல்ல. அதுக்கு மட்டும் ஒரு வழி பண்ணும்."

மகள் ஆமென் சொன்னாள். நான் சொல்ல வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் ஒரு ஜெபத்தை முதலிலிருந்து கடைசி வரை நான் கேட்டது அன்றைக்குத்தான். என்னைப் பற்றிய புகாராக இருந்ததால் கவனம் சிதறவில்லை என்று வேண்டுமானால் சொல்லலாம்.

டோக்கன் நம்பரைக் கூப்பிட்டார்கள். உள்ளே போனோம். டாக்டர் கவரைப் பிரித்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, இரண்டு பக்கத்தையும் படித்தார். பிறகு மனைவியைப் பார்த்து, "பயப்பட ஒண்ணும் இல்லம்மா. இது சாதாரணக் கட்டிதான், கெட்டது இல்ல. ஆறு மாசம் கழிச்சு ஒரு தடவ வந்து காட்டுங்க" என்றார்.

மனைவி மூச்சை விட்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தலையை என் பக்கம் ஆட்டிக் காட்டினாள்.

"டாக்டர், அவருகிட்டயும் ஒருக்கா சொல்லிடுங்க."

டாக்டர் என் பக்கம் திரும்பி, அதையே மறுபடி நிதானமாகச் சொன்னார். எனக்கு முதல் தடவையே கேட்டுவிட்டது. இருந்தாலும் இரண்டாம் தடவையும், கடைசி வார்த்தை வரை, உட்கார்ந்து கேட்டேன்.