சுவருக்குப் பதில் மூங்கில்

செங்கல் வந்து இறங்கியாகிவிட்டது. மணலும் வந்துவிட்டது. திங்கட்கிழமை காலையில் கொத்தனார் வந்து கயிறு கட்டினால், இரண்டு வீட்டுக்கும் பொதுவாக இருக்கிற பின்முற்றம் இரண்டாகிவிடும். தம்பி பக்கம் தம்பிக்கு, அக்கா பக்கம் அக்காவுக்கு. அதை எப்படியாவது தடுத்துவிட வேண்டும் என்பதுதான் அக்கா நூல்கண்டின் தவிப்பு.

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. பொத்தானும் நூலும் விற்கிற கடையில் பாதி ஆயுசு நின்றதில் வாடிக்கையாளர்கள் வைத்த பெயர் நிலைத்துவிட்டது. துணித்துண்டை நீட்டினால் போதும், அலமாரியில் கைவிட்டு அதே நிறத்தில் நூல் எடுத்துத் தருவாள். ஆனால் கடைக்குள் எரிகிற விளக்கை ஒருநாளும் நம்பமாட்டாள். நூலை வாசலுக்குக் கொண்டுபோய், இடுப்பில் செருகியிருக்கிற துணியால் ஒரு துடை துடைத்து, பகல் வெளிச்சத்தில் துணியோடு ஒட்டிப் பார்த்தால்தான் அவளுக்குத் திருப்தி. தூசி படிந்த நூல் பொய் சொல்லும் என்பது அவள் கட்சி. ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருந்தாலும் அந்தத் துணி இடுப்பைவிட்டு இறங்காது.

தம்பி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். மனைவி போனபிறகு ஒற்றை மகளை அவன் வளர்த்தான் என்பதைவிட இரண்டு வீடும் சேர்ந்து வளர்த்தது என்பதுதான் சரி. அந்தப் பெண் படித்து முடித்து, எங்கோ தூரத்து நகரத்தில் லிஃப்ட் மாட்டுகிற கம்பெனியில் வேலை வாங்கிக்கொண்டாள். அப்பாவிடம் சொன்னால் விடமாட்டார் என்று அத்தையிடம் மட்டும் சொன்னாள். அத்தையும் வாயைத் திறக்கவில்லை. ரயில் ஏறும் அன்று காலைதான் தம்பிக்குத் தெரிந்தது. மகள் பெட்டியோடு வாசலில் நிற்கிறாள், அக்கா தண்ணீர் பாட்டிலில் மூடி போட்டுக்கொண்டிருக்கிறாள். பெற்றவனைத் தவிர எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

அன்றிலிருந்து மகள் போன் செய்தால் அவன் எடுப்பதில்லை. அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசுவதும் இல்லை. பேசித்தான் ஆகவேண்டும் என்றால் குழாயைப் பார்த்து, செருப்பைப் பார்த்து, வானத்தைப் பார்த்துப் பேசுவான். அப்படித்தான் ஒருநாள் துணி காய்கிற கொடியைப் பார்த்து, "நடுவுல சுவர் வரப்போகுது, கொடியக் கழட்டிக்கிட்டா நல்லது" என்றான்.

அவள் அழவில்லை. அழுதால் கல்லுளிமங்கன் இன்னும் இறுகிவிடுவான் என்று அவளுக்குத் தெரியும். "மறைப்புதானடா வேணும்? அதுக்கு எதுக்குச் சுவரு? மூங்கில் வச்சிரலாம். மஞ்சள், கறுப்பு, நீலம்னு தண்டு கலர் கலரா இருக்காம். பாக்கவும் அழகா இருக்கும்."

அவன் கொடியின் முடிச்சை இழுத்துப் பார்த்தான். பிறகு, "ஞாயித்துக்கிழமை போய்ப் பாக்கலாம். பிடிச்சா மூங்கில். இல்லேன்னா திங்கக்கிழமை சுவர்" என்றான் கொடியிடமே.

சுவர் என்று ஒன்று எழுந்துவிட்டால் அதை இடிக்க யாருக்கும் மனசு வராது. மூங்கில் என்றால் என்றைக்காவது வெட்டலாம். இதுதான் அவள் கணக்கு. ஞாயிற்றுக்கிழமை காலையில் வேனில் ஏறினாள். முன்சீட்டில் அவன் தன் சாப்பாட்டுப் பையை வைத்திருந்தான், எடுக்கவில்லை. கடைசி வரிசையில், சின்னப் பிள்ளைகள் உட்காருகிற சீட்டில், முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்து போனாள்.

மூங்கில் தோட்டத்தில் நர்சரிக்காரம்மா ரப்பர் பூட்ஸும் தோளில் ரப்பர் குழாயுமாக வந்தாள். நல்ல வாய். இவர்கள் இரண்டு பேரையும் பார்த்ததுமே புருஷன் பெண்டாட்டி சண்டை என்று முடிவு கட்டிவிட்டாள்.

"வீட்டுக்காரர் கொஞ்சம் கோபமா இருக்காரு போல."

"தம்பிங்க."

"ஓ, அதான் இவ்வளவு கோபம்!" என்று சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை.

நூல்கண்டு முதலில் கறுப்பு மூங்கிலிடம் போனாள். நல்ல கறுப்பு, எண்ணெய் தடவிய மாதிரி மினுக்கு. "இது வேண்டாம்மா. புதுசா வர்ற தண்டெல்லாம் பச்சையாத்தான் வரும். கறுக்க ரெண்டு மூணு வருஷம் ஆகும். அதுவும் இந்த ஜாதி மண்ணுக்கடியிலயே ஓடும். இங்க நட்டா அங்க போய் முளைக்கும்" என்றாள் நர்சரிக்காரம்மா.

"சொல்லாம கொள்ளாம ஓடுற ஜாதியெல்லாம் எங்களுக்கு வேண்டாம்னு சொல்லுங்க" என்றான் தம்பி, நர்சரிக்காரம்மாவிடம்.

நூல்கண்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். பக்கத்தில் நிற்கிறவளுக்கு ஆள் வைத்துச் சொல்லி அனுப்புகிறான்.

தோட்டத்தின் கோடியில் நீல மூங்கில் இருந்தது. புதுத் தண்டுகள் மேகம் படிந்த வானம் போல வெளிறிய நீலத்தில் நின்றன. தம்பி அதைப் பார்த்ததும் நின்றுவிட்டான். கையைக் கட்டிக்கொண்டு மேலும் கீழும் பார்த்தான். முகத்தில் இறுக்கம் கொஞ்சம் தளர்ந்த மாதிரி இருந்தது. "இது பரவாயில்லை" என்றான். அவன் வாயிலிருந்து பரவாயில்லை வந்தால் மற்றவர்கள் பிரமாதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

நூல்கண்டு அவசரப்பட்டாள். பிடித்துவிட்டது, சுவர் வராது. அவன் மனசு மாறுவதற்குள் நல்லதாக ஒன்றைக் காட்டிவிட வேண்டும். இருப்பதிலேயே உயரமான மூங்கில் நின்ற தொட்டியை வெளிச்சத்துக்கு இழுத்தாள். தண்டில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. கை தானாக இடுப்புக்குப் போனது. துணியை உருவி மேலிருந்து கீழ்வரை ஒரே இழுப்பாகத் துடைத்தாள்.

"ஐயோ, துடைக்காதீங்க!" என்று நர்சரிக்காரம்மா கத்தியபோது காரியம் முடிந்திருந்தது. நீலம் முழுக்கத் துணியில் வந்துவிட்டது. தண்டு வெறும் பச்சையாக நின்றது.

"அது தூசி இல்லம்மா. அந்தப் பொடிதான் நீலமே. போனா அந்தத் தண்டுல திரும்பி வராது."

நூல்கண்டுக்கு முகத்தில் ஈயாடவில்லை. தம்பி அவளை நேராகப் பார்த்தான். இத்தனை மாதத்தில் முதல் தடவையாக.

"உனக்கு எதையும் அது பாட்டுக்கு விடத் தெரியாதா? நான் ஒண்ணு ஆசைப்பட்டா உடனே அதுல கை வைக்கணும். என் பொண்ணு விஷயத்துலயும் இதையேதான் பண்ணுன!"

"டேய், மெதுவா..."

"என்ன மெதுவா? தினமும் சாயங்காலம் அவ உனக்குப் போன் பண்றா. நீ முற்றத்துல நின்னு ஸ்பீக்கர் போட்டுப் பேசுற. ரெண்டு பேரும் சிரிக்கிறீங்க. எனக்கு அடுப்படியில நின்னா அந்தச் சிரிப்புச் சத்தம் கேக்குது. அவ அங்க என்ன சாப்பிட்டா, எந்தக் கட்டடத்துல ஏறினா, எல்லாம் உனக்குத்தான் தெரியும். அதக் கேட்டுக்கிட்டு இருக்க முடியாமத்தான் சுவர் கட்டுறேன். போதுமா?"

நர்சரிக்காரம்மா ரப்பர் குழாயை எடுத்துக்கொண்டு, ஏற்கெனவே நனைந்திருந்த தொட்டிகளுக்குத் தண்ணீர் விடப் போய்விட்டாள்.

நூல்கண்டு துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். மறைக்கத்தான் சுவர் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தாள். தன்னைப் பார்க்கப் பிடிக்காமல் கட்டுகிறான் என்று எத்தனை முறை மனசுக்குள் திட்டியிருப்பாள்! அவன் நின்று கேட்டுக்கொண்டிருப்பான் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"அன்னைக்கு உன்கிட்ட நான் சொல்லியிருக்கணும். தப்புதான்" என்றாள். "இனிமே வீட்டுக்குள்ள போய்ப் பேசுறேன். கதவச் சாத்திக்கிட்டுப் பேசுறேன். உனக்கு ஒரு சத்தம் கேக்காது. சுவர் மட்டும் வேண்டாம்டா."

அவன் நகர்ந்து போனான். வேனுக்குத்தான் போகிறான் என்று நினைத்தாள். முடிந்தது கதை, நாளைக்குக் கொத்தனார் வந்துவிடுவார். ஆனால் அவன் மஞ்சள் மூங்கில் வரிசையின் முன்னால் போய் நின்றான். மஞ்சள் தண்டில் மேலிருந்து கீழாகப் பச்சைக் கோடுகள். ஒரு கோடு போல இன்னொன்று இல்லை.

நர்சரிக்காரம்மா பட்டும் படாமல் வந்தாள். "இது ஓடாதுங்க. வச்ச இடத்துலயே புதர் கட்டும். வெயில் பட்டா புதுத் தண்டுல லேசா ஒரு சிவப்புகூட ஏறும்."

"நல்லா மறைக்குமா?" என்றான் தம்பி.

"அது நீங்க வளக்குறதுல இருக்கு. அப்படியே விட்டா அடியிலிருந்து இலையா அடைச்சுக்கும், காத்துல ஓயாம சலசலக்கும். அந்தப் பக்கம் பேசுறது இந்தப் பக்கம் விழாது. ஆனா தண்டோட கலர் தெரியாது. கலர் தெரியணும்னா தோள் உயரத்துக்குச் சின்னக் கிளையெல்லாம் கழிச்சு விடணும். அப்போ நடுவுல சந்து இருக்கும். ஆளும் தெரியும், பேச்சும் கேக்கும். உங்களுக்கு முதல்ல சொன்னதுதான் சரிப்படும்."

தம்பி தண்டைத் தொடப்போனவன், தொடாமல் கையை இழுத்துக்கொண்டான். வெகுநேரம் நின்றான். ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசிக் காரியத்தைக் கெடுப்பதில் நூல்கண்டு கெட்டிக்காரி. இந்த ஒரு தடவை வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"கலர் தெரியட்டும்" என்றான் அவன். "எதுவரைக்கும் கழிக்கணும்னு காட்டுங்க."

தொட்டிகளை வேனில் ஏற்றினார்கள். பின்சீட்டுகள் எல்லாம் மூங்கிலாகிவிட்டன. அவள் உட்கார இடமில்லாமல் கதவருகில் நின்றாள். அவன் சாப்பாட்டுப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினான். அவள் முன்சீட்டில் ஏறினாள். வண்டி பெரிய சாலைக்கு வந்தது.

"உள்ள போயெல்லாம் பேச வேண்டாம்" என்றான் சாலையைப் பார்த்தபடி. "அங்கேயே நின்னு பேசு. போன கொஞ்சம் சத்தமா வச்சுப் பேசு. அவ சொல்றது பாதி காதுல விழ மாட்டேங்குது."